பன்னிரண்டு வருடம் திறக்காத பாட்டில்

பந்தல்பட்டியில் நுரை ஒயின் பாட்டிலை யாரும் திறப்பதில்லை. ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் குளிப்பாட்டி, துடைத்து, மணையில் உட்கார வைத்து, எதிரே இலை போட்டுப் பரிமாறுவார்கள். வைத்த சாப்பாடு பிடித்திருந்தால் அதுவே கம்பியை அவிழ்த்துவிட்டுத் தக்கையைத் தள்ளித் திறந்துகொள்ளும். பிடிக்காவிட்டால் பேசாமல் உட்கார்ந்திருக்கும். அப்போது இலையை எடுத்துவிட்டு, இன்னொரு நாள் வேறு ஏதாவது செய்து பார்க்க வேண்டியதுதான். பாட்டிலின் கழுத்தைத் திருகித் திறக்கிற ஆட்களும் வெளியூரில் இருக்கிறார்களாம். இருந்துவிட்டுப் போகட்டும், அது அவர்கள் பாடு.

ஊரைச் சுற்றித் திராட்சைப் பந்தல்தான். பழம் முழுக்க நுரை ஒயின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும். ஊருக்குக் கல்யாணமாகி வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் சங்கத்தில் ஒரு பாட்டிலைக் கொடுத்து அனுப்புவார்கள். அது திறந்து, வீட்டார் குடித்து முடித்ததும் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்தது வரும். அது வேறு ரகமாக இருக்கும், அதன் நாக்கும் வேறாக இருக்கும். எந்த வீட்டில் எத்தனை திறந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. தக்கை போகிற சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

பவளக்கொடிக்குக் கொடுத்த பாட்டில் பன்னிரண்டு வருடமாகத் திறக்கவில்லை.

அவளுடைய ஓரகத்தி தமயந்தி வீட்டில் நாற்பத்தொன்று திறந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே பந்தலில்தான் கல்யாணம். அண்ணனுக்கு ஒருத்தி, தம்பிக்கு ஒருத்தி. அண்ணன் பால்ச்சாமி அரை மணி நேரம் முன்னால் தாலி கட்டியதால் பவளக்கொடி அக்கா ஆனாள், தமயந்தி தங்கச்சி ஆனாள். இரண்டு பாட்டிலும் ஒரே கூடையில் வந்தவை. அண்ணன் தம்பி வீடுகள் எதிரெதிரே இருந்தன, நடுவே ஒரு மாட்டு வண்டி நுழைகிற அளவு சந்து. இவள் அடுப்படி ஜன்னலும் அவள் அடுப்படி ஜன்னலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. வீடு கட்டிய கொத்தனாரைப் பவளக்கொடி வாரம் ஒரு முறையாவது திட்டுவாள்.

தமயந்தியின் முதல் பாட்டில் கல்யாணமான மூன்றாம் நாளே திறந்தது. அவள் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை, வாழைக்காய் பஜ்ஜி போட்டாள், அவ்வளவுதான். அது ப்ரூட் ரகம். சர்க்கரையே தெரியாத, நறுக்கென்று பேசுகிற ஒயின். எண்ணெயில் பொரித்த உப்புப் பண்டம் என்றால் அந்த ரகத்துக்கு உயிர். நுரை வந்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டுப் போனால் அடுத்த பஜ்ஜிக்கு நாக்கு தயாராகிவிடும். டப்பென்று சத்தம் கேட்டபோது பவளக்கொடி தன் ஜன்னலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வெங்காயத்தால்தான் வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

மறுநாளே இவளும் வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். தமயந்தியைவிட மெல்லிசாகச் சீவினாள், மாவில் ஓமம் சேர்த்தாள், எண்ணெயைப் புதிதாக ஊற்றினாள். பாட்டில் அசையவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு இருபத்திரண்டு பஜ்ஜியையும் பால்ச்சாமியே தின்று தீர்த்தான்.

அதற்குப் பிறகு எதிர் வீட்டில் நடந்ததைச் சும்மா சொல்லக் கூடாது. அடுத்து ரோஸே வந்தது. கறுப்புத் திராட்சையின் தோலைக் கொஞ்ச நேரம் மட்டும் ஊறவிட்டு எடுத்த இளஞ்சிவப்பு ஒயின். தமயந்தி நாட்டுக்கோழியை வறுத்துக்கொண்டிருந்தாள். கோழி முக்கால்வாசி வெந்தபோதே, இலை போடுகிற வரைக்கும் பொறுக்க முடியாமல் அது திறந்துகொண்டது. பிறகு வெள்ளைத் திராட்சையை மட்டும் பிழிந்து செய்த ஒன்று வந்தது. ஒல்லியான, கூர்மையான ஒயின். பொரித்த கெண்டை மீனில் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்தாள், தீர்ந்தது வேலை. ஒரு தடவை சங்கத்துக்காரர்கள் வேண்டுமென்றே ஒரு கிழட்டுப் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்கள். தன் ஈஸ்ட் வண்டலோடு ஆறு வருடம் படுத்துக் கிடந்தது, கிட்டே போனால் சுட்ட ரொட்டி வாசனை அடிக்கும், சங்கம் சோதித்துப் பார்க்க அனுப்பியதில் ஊரில் ஏழு வீட்டுச் சமையலைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பி வந்தது. தமயந்தி காளானை நெய்யில் வதக்கி முறுகலான தோசை நடுவில் வைத்தாள். கிழவர் குழந்தை மாதிரித் திறந்துகொண்டார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வடிகட்டாத கலங்கல் ரகம் ஒன்று உண்டு. ஒரே ஒரு தடவை புளித்து, மிச்ச நுரையைப் பாட்டிலுக்குள்ளேயே கட்டிக்கொண்ட நாட்டுப்புறத்து ஆள். அது வந்திறங்கிய காலையில் தமயந்தி அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. பழைய சோற்றில் மோரை ஊற்றிச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். இலைகூடப் போடவில்லை. டப்.

பவளக்கொடிக்கு வயிறு எரிந்தது. எரிந்தது என்றால் சும்மா இல்லை. கோழி வறுவலைப் பார்த்து அவளும் கோழி வறுத்தாள், கெண்டையைப் பார்த்துக் கெண்டை, காளானைப் பார்த்துக் காளான். ஒவ்வொன்றிலும் தமயந்தி போட்டதைவிட ஒரு சாமான் கூடவே போட்டாள். பழைய சோற்றையும் விடவில்லை. மோரில் பெருங்காயம் கரைத்து, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினாள். தமயந்தி எந்தக் கிழமை என்ன வைத்தாள், உப்பை எப்போது போட்டாள், கரண்டியை எந்தக் கையில் பிடித்தாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய பாட்டில் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

போதாக்குறைக்கு அது எதிர் வீட்டைப் பார்த்தது. பாட்டிலுக்கு முகம் என்பது லேபிள்தானே. கல்யாணமான நான்காம் நாள், அதன் முகம் நேரே ஜன்னலைப் பார்த்திருப்பதைப் பவளக்கொடி கண்டுபிடித்துவிட்டாள். அடி சண்டாளி, வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் என் பாட்டிலையும் மயக்கிவிட்டாயா என்று அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மறுநாள் காலையில் அது கால் சுற்று திரும்பியிருந்தது. திருப்பி வைத்தாள். அதற்கு மறுநாளும் கால் சுற்று. இதில் ஒன்றும் விசேஷம் இல்லை. சங்கத்தில் வண்டல் கழுத்துக்கு இறங்குவதற்காகப் பாட்டில்களைத் தலைகீழாகச் சாய்த்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார்கள், சிலதுக்கு அந்தப் பிறவிப் பழக்கம் விடாது என்று ஊரில் சொல்வார்கள். பவளக்கொடி நம்பவில்லை. பன்னிரண்டு வருடமும் விடிந்ததும் முதல் வேலையாக, பிள்ளையின் காதைத் திருகுவது போல அதன் கழுத்தைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பல் விளக்கப் போவாள்.

தை பிறந்த மறுநாள் சங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. பன்னிரண்டு வருடம் திறக்காத பாட்டிலை அதற்குப் பொருத்தமான வேறு வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பது விதி. பொருத்தமான வீடு எது என்பதையும் வீட்டம்மா பேரோடு அதிலேயே எழுதியிருந்தார்கள். எதிர் வீடு.

பால்ச்சாமி அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினான்.

"மூணாவது தடவையும் படிங்களேன்," என்றாள் பவளக்கொடி. "ஒங்க தம்பி பொண்டாட்டி பேரு வாயில நல்லா வருதுல்ல."

"நான் என்ன செஞ்சேன்? எழுதியிருக்கிறதைப் படிச்சேன்."

"அது போச்சுன்னா நானும் எங்க ஊருக்குப் போயிருவேன். சொல்லிப்புட்டேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பாட்டில் இல்லாத பெண்பிள்ளை அந்த ஊரில் பந்தியில் கரண்டி பிடிக்க முடியாது. நாலு பேர் விசேஷத்துக்கு அழைத்தால் தண்ணீர் ஊற்றலாம், அவ்வளவுதான். தமயந்தி குழம்பு ஊற்றிக்கொண்டு போக, பின்னாலேயே தான் செம்போடு போவதைப் பவளக்கொடி நினைத்துப் பார்த்தாள். அதற்குச் செத்துப் போகலாம் என்று தோன்றியது.

இடம் மாற்றுவதற்கு முன்னால் மூன்று அறிமுகம் நடத்த வேண்டும் என்றும் விதி இருந்தது. வெள்ளிக்கு ஒன்றாக மூன்று வெள்ளி. அதற்காகச் சங்கத்து அறிமுகக்காரர் ராயப்பன் வந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு ரிஜிஸ்டர். ஒயினையும் சாப்பாட்டையும் ஒன்றுக்கொன்று முறைப்படி தெரியப்படுத்துவது அவர் உத்தியோகம். முப்பது வருடமாக அதைத்தான் செய்துவருகிறார், அதனால் யாரிடமும் சத்தமாகப் பேச மாட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை பவளக்கொடி மெதுவடையும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்து வைத்தாள். ராயப்பன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, இலைக்கும் பாட்டிலுக்கும் நடுவில் கை கட்டி நின்றார்.

"இவுக மெதுவடை. தோல் உளுந்து, வீட்டிலேயே ஆட்டினது," என்று பாட்டிலிடம் சொன்னார். "பக்கத்துல இருக்கிறவுக வாழைக்காய் பஜ்ஜி. நல்ல மாதிரி."

காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ராயப்பன் குனிந்து பாட்டிலைப் பார்த்தார்.

"பாட்டில் எந்தப் பக்கம் பாக்குது, தாயி?"

"சுவத்தைப் பாக்குது."

"இலை எந்தப் பக்கம் போட்டிருக்கீக?"

"இந்தப் பக்கம்தேன்."

"அப்ப இத்தனை வருசமும் முதுகுக்குப் பரிமாறியிருக்கீக," என்று ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டார்.

பவளக்கொடி புருஷன் பக்கம் திரும்பினாள். "பன்னெண்டு வருசமாப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீக. ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"ஒன் பொறந்த வீட்டு வழக்கமோன்னு நெனச்சேன்," என்றான் பால்ச்சாமி.

"கேட்டா என்னவாம்?"

"பொறந்த வீட்டு வழக்கத்தை ஏன்னு கேட்டவன் எவன் வீட்ல நிம்மதியாச் சோறு தின்னுருக்கான்?"

இதற்கு ராயப்பனும் தலையாட்டினார். பிறகு பாட்டிலை மெல்ல எடுத்து இலையைப் பார்க்க உட்கார வைத்து, லேபிளை வாசித்தார்.

"டெமி செக்," என்றார்.

"அப்படின்னா?"

"பாதி இனிப்பு. சக்கரை எம்புட்டுன்னு பாத்துத்தேன் இவுகளுக்குப் பேரு. ப்ரூட்டுன்னா இனிப்பு இருக்கிறதே தெரியாது. செக்குன்னா லேசாத் தெரியும். இவுகளுக்கு நல்லாவே தெரியும். நீங்க வடையும் பஜ்ஜியுமாப் போட்டு ப்ரூட்டுக்குப் பந்தி வச்சிருக்கீக. இவுகளுக்குப் பழம் பிடிக்கும், இளம் இனிப்புப் பிடிக்கும். ஆனா ஒண்ணு. வைக்கிற பலகாரம் இவுகளைவிட இனிப்பா இருக்கப்படாது. ஜிலேபியை வச்சீகன்னா பக்கத்துல இவுக புளிச்ச தண்ணி மாதிரி ஆகிருவாக. கோவம் வந்துரும்."

பவளக்கொடி முதல் தடவையாகக் குனிந்து லேபிளைப் பார்த்தாள். ஒரே கூடையில் வந்ததால் இரண்டும் ஒரே ரகம் என்று நினைத்திருந்தாள். எதிர் ஜன்னலில் நாற்பத்தொரு பாட்டிலின் லேபிளையும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டு வாசித்தவள், கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்த ஒன்றை வாசிக்கவில்லை. அது அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, தமயந்திக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

இரண்டாம் வெள்ளிக்கிழமைக்குத் தினைப் பணியாரம் செய்வதென்று முடிவு செய்தாள். இது தமயந்தி வீட்டில் ஒருநாளும் செய்யாத பண்டம். தினை மாவில் மலை வாழைப்பழத்தைப் பிசைந்து, வெல்லத்தைப் பாதியாகக் குறைத்து, நெய் விட்டுச் சுட்டாள். பாட்டில் குளித்து, துடைத்து, இலையைப் பார்த்து உட்கார்ந்தது.

"இவுக தினைப் பணியாரம்," என்றார் ராயப்பன். "அதிகம் பேச மாட்டாக."

கம்பி தானாக அவிழ்ந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, ஆறு சுற்று. தக்கை நெல் அளவு மேலே வந்தது. பிறகு விரல் அளவு வந்தது. பால்ச்சாமி மூச்சுவிடாமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான். பவளக்கொடியின் நெஞ்சு அடித்த அடியில் தாலிக்கொடி ஆடியது.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டில் எண்ணெய்ச் சட்டியில் எதையோ போட்டார்கள். சொய்ங் என்று ஒரு சத்தம். பவளக்கொடி திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான். என்ன போடுகிறாள், முறுக்கா, சீடையா என்று தெரிந்துகொள்கிற அளவுக்கு மட்டும் பார்த்தாள். முறுக்கு.

திரும்பியபோது தக்கை உள்ளே இறங்கிவிட்டிருந்தது. கம்பி ஆறு சுற்றையும் மறுபடி தானே சுற்றிக்கொண்டது.

ராயப்பன் கொஞ்ச நேரம் எழுதினார். "பாட்டிலுக்குப் பொறாமை, தாயி."

"யாரு மேல?"

"எதிர் வீட்டம்மா மேல."

"அவளுக்கும் இதுக்கும் என்ன?"

"இதுக்கு இலை போட்ட நாளெல்லாம் நீங்க அவகளைத்தானே பாத்துக்கிட்டிருந்தீக. சமைச்சதும் அவகளுக்குப் போட்டியாத்தேன். இதுவும் எம்புட்டு நாளைக்குத்தேன் பொறுக்கும்?"

பவளக்கொடி அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டாள். பொறாமை என்றால் என்னவென்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. காலையில் எழுந்ததும் எங்கே வந்து உட்காரும், சாப்பிடும்போது எந்த இடத்தில் அடைக்கும், சிரிக்கும்போது முகத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அந்த வியாதியின் சகலமும் அவளுக்கு அத்துப்படி. அடுப்பு ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் நின்றதும் அங்கேதான். பாட்டில் தினமும் கால் சுற்று திரும்பியது எதிர் வீட்டைப் பார்க்க இல்லை. ஜன்னலில் நின்றவளைப் பார்க்கத் திரும்பியிருக்கிறது. அவள் தினமும் கழுத்தைப் பிடித்துச் சுவருக்குத் தள்ளியிருக்கிறாள்.

"பாவி நான்," என்று அதன் தோளில் இருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். பாட்டில் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டில்கள் பேசுவதில்லை.

மூன்றாவது வெள்ளிக்கு முந்தின நாள் மத்தியானம், பால்ச்சாமி ஜன்னலில் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்தான். கடைசி ஆணி இறங்குகிற வரைக்கும் பவளக்கொடி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தமயந்தி சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு சுரைக்காயும் தெரியவில்லை, தமயந்தியும் தெரியவில்லை.

அன்றைக்குப் பொழுது போகவில்லை. விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுகிற மாதிரிக் கண் பலகையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாமல் தன் வீட்டில் என்ன குழம்பு வைப்பது என்று அவளுக்குப் புரியவில்லை. கடைசியில் ரசம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை பணியாரக் கல்லை மட்டும் பார்த்துக்கொண்டு பணியாரம் சுட்டாள். ஒவ்வொரு குழியாக, வெந்ததா, சிவந்ததா என்று பார்த்துப் பார்த்துத் திருப்பினாள். தன் கை இவ்வளவு பதமாகத் திருப்பும் என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. இலை போட்டு நாலு பணியாரம் வைத்துவிட்டு, பாட்டிலுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து அதன் முகத்தை நேராகப் பார்த்தாள். ராயப்பன் அறிமுகத்தைப் பாதிதான் சொல்லியிருப்பார்.

டப்.

தக்கை உத்தரத்தில் பட்டுத் தெறித்து அரிசிப் பானைக்குள் விழுந்தது. சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்டது, நாலாவது தெருவிலிருந்தும் ஒருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். நுரை அடங்க ஊற்றினார்கள். பன்னீர்ப் பழத்தின் வாசனை வந்தது. பவளக்கொடி ஒரு வாய் குடித்தாள். மூக்குக்குள் பொடிப் பொடியாக ஏறி, தேன் மாதிரி இறங்கியது. இப்படித்தான் இருக்குமா இது, இதையா அந்தக் கழுதை நாற்பத்தொரு தடவை குடித்தாள் என்று ஒருபக்கம் நினைப்பு ஓடினாலும், சந்தோஷம் சந்தோஷம்தான். ராயப்பன் இடமாற்ற உத்தரவைக் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்தார். அரை டம்ளர் வாங்கிக் குடித்து, இரண்டு பணியாரத்தை ரிஜிஸ்டருக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் வாசல் தாண்டவும் தமயந்தி உள்ளே வரவும் சரியாக இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவள் இந்த வீட்டுப் படி ஏறுவது இதுதான் முதல் தடவை. முழங்கை வரைக்கும் கடலை மாவு. கண் சிவந்திருந்தது.

"ஜன்னலை ஏங்க்கா அடைச்சீக?"

"காத்து வருது. அதேன்."

"எண்ணெய் காய மாட்டேங்குதுக்கா."

"கேஸ் தீந்திருக்கும்."

"புதுச் சிலிண்டர். ரெண்டு மணி நேரமா எரியுது. கையை விட்டுப் பாத்தேன், கெணத்துத் தண்ணி மாதிரி இருக்கு. மொளகா மாவோட மெதக்குது. நேத்து மத்தியானத்துல இருந்தே இப்படித்தேன். பாலு பொங்கல. சொரக்கா வேகல. ஒங்க கொழுந்தன் ராத்திரி அவலை நனைச்சுத் தின்னுட்டுப் படுத்தாரு."

பவளக்கொடி டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே சொல்ல முடியாத ஒரு குளிர்ச்சி அடிவயிற்றிலிருந்து கிளம்பி உச்சி வரைக்கும் போனது.

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"நீங்க பாத்தாத்தானே எனக்கு வேகும்," என்றாள் தமயந்தி. "வந்த நாள்ல இருந்து அப்படித்தேன். அக்கா பாக்குறாகன்னு தெரிஞ்சாத்தேன் எனக்குக் கை ஓடும். நான் என்ன ஒங்க கொழுந்தனுக்கா சமைச்சேன்? அவருக்கு உப்பும் தெரியாது, ஒறப்பும் தெரியாது."

சொல்லிவிட்டு மாவுக் கையோடு அழுதாள். பவளக்கொடி அவளை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு நிமிஷம் போல. பிறகு எழுந்தாள். பாட்டிலைத் தனியே விட்டுவிட்டுப் போனால் அதற்குப் பொறுக்காது என்று, முகம் தன் பக்கம் இருக்கும்படி இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தில் இறங்கி எதிர் வீட்டுக்குப் போனாள்.

தமயந்தி அவளுக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். கடாயில் எண்ணெய் அசையாமல் கிடந்தது, கீழே நீலமாகத் தீ எரிந்தது. பவளக்கொடி பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"நல்லாப் பாருங்கக்கா."

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அந்தப் பழைய வயிற்றெரிச்சலோடு பார்த்தால்தான் எண்ணெய் காயும் போலிருக்கிறது, ஆனால் உண்மையில் அவளுக்கு இப்போது பொறாமை வரவில்லை. இன்றைக்குத்தானே பாட்டில் திறந்திருக்கிறது, வயிறு குளிர்ந்து கிடந்தது. நாற்பத்தொரு டப்பையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எண்ணெயில் ஒரு சின்னக் குமிழ் வந்து உடைந்தது. காளான் தோசையை நினைத்தாள், இன்னும் இரண்டு குமிழ். பழைய சோற்றை நினைத்தபோது லேசாகச் சூடு பிடித்தது. ஆனாலும் போதவில்லை.

தமயந்தி ஒரு பஜ்ஜி மிளகாயை எடுத்தாள். காம்பைப் பிடித்து மாவில் ஒரு புரட்டுப் புரட்டி, கிண்ண விளிம்பில் ஒரு இழுப்பு இழுத்து, மாவு ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் கடாய்க்கு மேலே கொண்டுவந்தாள். பார்க்காமலேயே செய்தாள். அந்தக் கை! ஜன்னல் வழியாகப் பார்த்தபோது பாதிதான் தெரிந்திருக்கிறது. கிட்டத்தில் பார்த்தால் மயிர்க்கூச்செறிந்தது. பாழாய்ப் போன கை, ஏன் எனக்கு வாய்க்கவில்லை என்று பவளக்கொடி மனசுக்குள் பொருமினாள்.

சொய்ங் என்றது எண்ணெய்.

தமயந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். மடமடவென்று ஆறு மிளகாயை இறக்கினாள், பொன்னிறமாக எடுத்தாள், முதல் பஜ்ஜியைத் தட்டில் வைத்து அக்காவிடம் நீட்டினாள். பவளக்கொடி அவள் சமைத்த எதையும் இதுவரைக்கும் வாயில் வைத்ததில்லை. கடித்தாள். மொறுமொறுப்பைத் தாண்டியதும் காரம் காதுவரை ஏறியது. கண்ணில் நீர் வர, இடுப்பிலிருந்த பாட்டிலிலிருந்து டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள்.

நாக்கில் பற்றிய தீ அணைந்தது. காரம் மட்டும் போய், மிளகாயின் வாசனை அப்படியே நின்றது. அதற்குக் கீழே ஒயினின் இனிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. இன்னொரு கடி, இன்னொரு வாய். இப்படி ஒரு பொருத்தத்தை அவள் அனுபவித்ததில்லை. பணியாரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தன்னுடைய பாட்டிலுக்கு, பன்னிரண்டு வருடம் காத்திருந்து திறந்த பாட்டிலுக்கு, தன்னுடைய பணியாரத்தைவிட இந்தச் சிறுக்கியின் மிளகாய் பஜ்ஜி பொருந்தியது. பாட்டிலும் இடுப்பில் வெட்கமில்லாமல் நுரைத்துக்கொண்டிருந்தது. பவளக்கொடிக்கு அடிவயிற்றிலிருந்து குபீரென்று பற்றிக்கொண்டது.

எண்ணெய் பொங்கிக் கடாயைத் தாண்டி வழிந்தது.

"போதும்க்கா, போதும்! கருகிரும்!" என்று தமயந்தி அடுப்பை அணைத்தாள்.

அணைத்த பிறகும் எண்ணெய் கால் மணி நேரம் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் மிச்ச மாவையும் போட்டு எடுத்தார்கள். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு டம்ளர் ஊற்றிக்கொண்டு, தட்டு காலியாகும் வரைக்கும் தின்றார்கள். கடைசி பஜ்ஜியைத் தமயந்தி இரண்டாகப் பிட்டாள், பெரிய பாதியை அக்கா எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அதிரசம்க்கா," என்றாள் தமயந்தி. "அதுக்கு எண்ணெய் ரொம்பக் காயக் கூடாது. மேல கருகி உள்ள வேகாமப் போயிரும். கொஞ்சமாப் பொறாமைப்பட்டாப் போதும்."

பவளக்கொடி யோசித்தாள்.

"அப்ப மூக்குக் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு வாறேன்," என்றாள்.